நாற்பத்தோரு இடங்கள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பி அழகிரிக்கு,

சிவநேசன் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து ஓரமாக வைத்துவிடத் தோன்றினால் அது நியாயம்தான். ஆனாலும் முழுதாகப் படித்துவிட்டு மடியுங்கள். நீங்களும் அம்மாவும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். ஒன்பது வருடம் வாயே திறக்காதவன் திடீரென்று எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுமே எனக்கு வராத வேலை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த நாளில் உங்களை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது பேனாவை எடுத்தால் 'நீங்கள்' என்றுதான் வருகிறது. அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், வேறு வழி எதுவும் திறக்கவில்லை. சுபாங் ஜெயாவில் உங்கள் கம்பெனி கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அப்படி ஒருவர் இல்லை என்று இயந்திரம் பதில் போட்டது. உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு மூன்று அனுப்பினேன், பதில் இல்லை. பழைய கைபேசி எண்ணை ஓர் அம்மாள் எடுத்து, இது கோயம்புத்தூர், இன்னும் எத்தனை தடவை கூப்பிடப்போகிறீர்கள் என்று கேட்டார். பிறகுதான் தபால் ரசீது ஞாபகம் வந்தது. 2015இல் நீங்கள் கால் பிசகிப் படுத்திருந்தபோது, அம்மாவின் மூட்டுவலிக்கு நீங்கள் வாங்கி வைத்திருந்த தைலப் புட்டிகளை நான்தான் பார்சல் போட்டேன். அந்த ரசீது ஒரு புத்தகத்துக்குள் அடையாளச் சீட்டாகக் கிடந்தது. மை மங்கியிருந்தாலும் மன்னார்குடி முகவரியைப் படிக்க முடிகிறது. பத்து வருடப் பழைய முகவரி. இடம் மாறாது என்று நம்பும் வியாதி இவனுக்கு இன்னும் போகவில்லை என்று நீங்கள் சிரிக்கலாம்.

முதலில் என் செய்தி. கம்பெனி பத்தொன்பது வருட வேலைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பி வீட்டுக்குப் போகச் சொன்னது. நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்தான் அதை அனுப்பினான். கிள்ளான் வீட்டை அண்ணன் பரமேஸ்வரன் விற்றுவிட்டார், நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இரண்டு வாரத்துக்குள். வீடு அவர் பெயரில் இருந்தது, சட்டப்படி ஒன்றும் தப்பில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை, அவ்வளவுதான். உங்கள் அண்ணி உஷாராணி எங்கள் மகளைப் பார்க்க இரண்டு வாரத்துக்கு என்று ஜொகூர் போனாள். மூன்று வருடம் ஆகிறது. தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறாள், பேருந்தில்.

இப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்திருக்கிறேன். எந்தக் கட்டடம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நீங்கள் இருந்தீர்களே, பூக்கடைக்கு மேலே, அதே கட்டடம். உங்களுக்கு இரண்டாம் மாடி, எனக்கு மூன்றாம் மாடி. தேடி வரவில்லை, கிடைத்தது இதுதான். பூக்கடை லெட்சுமி அக்கா என்னைப் பார்த்த முதல் நாளே கேட்டார்: "அந்த இந்தியாக்காரத் தம்பி எங்க? நீங்கதான அவரோட சண்ட போட்ட அங்கிள்?" நம் சண்டை பூக்கடை வரைக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. சர்க்கரை என் சிறுநீரகம் இரண்டையும் முடித்துவிட்டது. மூன்று வருடமாக செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் கிள்ளான் டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறேன். ஆமாம், நம் மையம்தான். நாம் இருவரும் கம்ப்யூட்டர் சுமந்துகொண்டு படியேறிய அதே மையம். 'நாற்காலி' என்று நான் பெயர் வைத்த அந்தக் கணினி நிரலில், ஆறாம் நாற்காலிக்கு நேரே இப்போது என் பெயர் இருக்கிறது. கோலாலம்பூரிலேயே பக்கத்து மையத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகிறேன். பிடிவாதம் என்று உஷாராணி சொல்வாள்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எங்கே கோணலானது என்று ஒருமுறை நானே ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும்.

நோயாளியின் பெயர், முறை, எடை, மருந்து எல்லாவற்றையும் வைத்திருக்க நான் நிரல் எழுதினேன். தர்ம மையங்கள் எதுவும் யாரிடமும் கையேந்தாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதன் மூல வரிகளையும் இணையத்தில் திறந்து வைத்தேன். அது வரைக்கும் நல்ல காரியம். பதிவேடு எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நானே முடிவு செய்தேன்: டி டிரைவில், நாற்காலி என்ற ஃபோல்டரில். வேறு எங்கும் வைக்க முடியாது. நிரலுக்குள்ளேயே அந்தப் பாதையைப் பதித்துவிட்டேன்.

அப்போது அதற்குக் காரணம் இருந்தது. வைரஸ் வந்தால் கம்ப்யூட்டர் கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவைத் துடைத்துவிடுவான். டி தப்பிக்கும். ஒவ்வொரு மையத்துக்கும் நானே போய், டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, டியை உண்டாக்கி, பதிவு எழுதும் கிராணிமார்களுக்கு ஒரே பாடம் சொன்னேன்: என்ன காணாமல் போனாலும் டியில் பாருங்கள். அவர்களில் மாரியாயி அக்கா அதை நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியே வைத்தார். பதில் தெரியாதவரிடம் கேள்வி கேட்பது கொடுமை என்பது என் கட்சி. நிறுவும்போது 'எங்கே வைக்கட்டும்' என்று கேட்டால் மாரியாயி அக்கா என்ன சொல்வார்? பயந்து கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவார்.

இதே கட்சியில் இன்னொன்றும் செய்தேன். டி கிடைக்காவிட்டால் நிரல் பிழை காட்டி யாரையும் மிரட்டக் கூடாது. நிறுவிய அன்று சி டிரைவில் எடுத்து வைத்த பழைய நகலைச் சத்தமில்லாமல் திறந்து காட்ட வேண்டும். அதை இரக்கம் என்று நினைத்தேன்.

2016 மார்ச்சில் நீங்கள் பதிவேட்டின் இடம் பற்றி ஒரு திருத்தம் அனுப்பினீர்கள். அதற்கு நான் திட்டத்தின் பொதுப் பக்கத்தில், பதினான்கு மையத்து ஆட்களும் பார்க்கிற இடத்தில், எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். நீங்கள் மறந்திருக்கலாம். மறந்திருக்க மாட்டீர்கள். "வாடகை அறையில் இருப்பவனுக்கு எல்லாமே இடம் மாறும் என்றுதான் தோன்றும். எங்களுக்கு இங்கே சொந்த இடம் இருக்கிறது. அது மாறாது."

நீங்கள் அதற்குக் கீழே ஒரே வரி போட்டீர்கள். "சரிங்க அண்ணே."

அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி, மறு வாரம் இருவரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருப்போம். அந்த 'சரிங்க அண்ணே'யை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பங்களிப்பாளர் பட்டியலில் இருந்து உங்கள் பெயரை எடுத்தேன். அடுத்த வருடம் விசா முடிந்து நீங்கள் ஊருக்குப் புறப்பட்டபோது மூன்று முறை கூப்பிட்டீர்கள். மூன்றும் கேட்டது. கைபேசி என் கையில்தான் இருந்தது.

சொந்த இடம் என்று எழுதினேனே. என் அப்பா இரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தார். ஓய்வு பெற்ற மறு மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. கிள்ளான் வீட்டின் கதையை முன்னாலேயே சொல்லிவிட்டேன். எந்த இடத்தை நினைத்துக்கொண்டு உங்களுக்கு அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு மூன்று வாரம் முன் ஒரு கம்பெனி மையத்துக்கு மடிக்கணினி தானமாகக் கொடுத்தது. மடிக்கணினியை விடப் பேனர் பெரியதாக இருந்தது. புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிய கணினிகளை யாரும் இரண்டாகப் பிரிப்பதில்லை. அதில் சி மட்டும்தான், டி கிடையாது. எனக்கு அன்று காய்ச்சல், நான் போகவில்லை. வேன் ஓட்டுகிற பக்கிரிசாமி அண்ணன் தன் தம்ப் டிரைவில், உங்கள் ஊரில் பென் டிரைவ், பழைய கணினியிலிருந்து நாற்காலி ஃபோல்டரை எடுத்து வந்து புதியதில் செருகியிருக்கிறார். செருகியதும் அந்தத் தம்ப் டிரைவுக்கு என்ன எழுத்து கிடைத்தது? டி. நிரல் சி டிரைவில் வழக்கமான முதல் நாள் நகலை எடுத்துக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம், முப்பத்தெட்டு நோயாளிகளின் பதிவேடும் உறுமி மேளப் பாட்டுகளுக்குப் பக்கத்தில், விரல் அகலத் தம்ப் டிரைவில் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. தெரியாதபடிதான் நான் எழுதியிருந்தேன்.

அந்த வியாழன் காலை பக்கிரிசாமி அண்ணன், "அட, நம்ம தம்ப் டிரைவ் இங்கயா கெடக்குது" என்று உருவிப் பையில் போட்டுக்கொண்டு காப்பாருக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார். வேனில் பாட்டு வேண்டுமே.

வழக்கமான தாதி விடுப்பு. செலாயாங் மையத்திலிருந்து புனிதா என்ற பெண் மாற்றாக வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், கை சுத்தம், வாய் கொஞ்சம் அதிகம். யாரையும் அவளுக்குத் தெரியாது, திரையைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தாள். என் கையில் ஊசி இரண்டும் ஏற்றி இயந்திரத்தை ஓடவிட்டாள். அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கு நாற்காலியை விட்டு நகர முடியாது. உடம்பில் நீர் எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடையைத் திரையிலிருந்து வாசித்தாள். எழுபத்தொன்றரை என்றாள். என் எடை அறுபத்தொன்பது. இரண்டு வாரத்துக்கு முன்தான் டாக்டர் குறைத்தார். சொன்னேன். சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது அங்கிள், சிஸ்டம் பொய் சொல்லாது என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஏழாம் நாற்காலிக்குத் திரும்பினாள்.

ஏழாம் நாற்காலியில் வீரம்மா அக்கா. குளியலறையில் விழுந்து மண்டைக்குள் இரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவர். இரத்தம் குழாயில் உறையாமல் இருக்க எங்களுக்கெல்லாம் ஹெபரின் போடுவார்கள். அவருக்கு மட்டும் இனிமேல் அது கூடாது. போட்டால் மண்டையில் மறுபடியும் கசியும். அந்தக் குறிப்பு போன வாரம் ஏற்றப்பட்டது. திரையில் இருந்ததோ மூன்று வாரத்துக்கு முந்தைய வீரம்மா. அந்த வீரம்மாவுக்கு ஹெபரின் உண்டு, அளவோடு.

என் எடை பழைய எடையாக இருக்கிறது என்பதற்கும், பக்கத்தில் அந்தப் பெண் ஊசியில் மருந்தை உறிஞ்சுகிறாள் என்பதற்கும் இடையில் எனக்கு எத்தனை நொடி பிடித்தது என்று தெரியவில்லை. பழைய நகல். நான் எழுதிய இரக்கம். எழுந்து போய்த் தடுக்க முடியாது. கை இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கிறது.

"புனிதா, அந்த ஊசியப் போடாதே. கீழ வை."

நான் கத்திய கத்தலில் அடுத்த அறை வரை திரும்பிப் பார்த்தார்களாம். அவளுக்குக் கோபம். ஆனாலும் ஊசியை வைத்தாள். அலமாரியில் இருக்கும் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எடுத்துப் படித்தாள். வீரம்மா அக்கா கண்ணைத் திறந்து, என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்றேன்.

பிறகு புனிதா என் பக்கம் வந்து நின்று மெதுவான குரலில் கேட்டாள். "யாரு எழுதுன ப்ரோக்ராம் அங்கிள் இது? மூளைய எங்க வச்சிட்டு எழுதுனான்?"

"நான்தாம்மா."

பக்கிரிசாமி அண்ணனைக் கைபேசியில் பிடித்தோம். விஷயம் முழுதும் புரியாமல், பாட்டு பாதியில் ஓடுகிறது, முடிந்ததும் எடுக்கலாமா என்று கேட்டார். முக்கால் மணி நேரத்தில் தம்ப் டிரைவ் வந்து சேர்ந்தது. பதிவேடு ஒன்றும் கெடவில்லை. முறை முடிந்து என் கையிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவள் கேட்டது இதுதான்: "எழுதும்போது எங்கள மாதிரி ஆளுங்க யாரையாச்சும் கேட்டீங்களா அங்கிள்?"

நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். நிரலை எடுத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை மையத்துத் தாதிகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். பெண் பிள்ளைகளோடு அரட்டை அடிக்கப் போகிறாயா என்று நான் கிண்டல் செய்தேன்.

மறுநாள் உங்கள் திருத்தத்தைத் திறந்தேன். இதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னேன், அழகிரி. ஒன்பது வருடத்துக்கு முன் நான் அதைப் படிக்கவே இல்லை. தலைப்பைப் பார்த்தேன், 'பதிவேட்டின் இடத்தை மாற்றிக்கொள்ள வழி' என்று இருந்தது, எனக்குச் சுருக்கென்றது, பதிலை எழுதிவிட்டேன். உள்ளே என்ன இருந்தது என்று இப்போதுதான் தெரியும்.

நிரலில் டி என்று எழுதியிருந்த நாற்பத்தோரு இடங்களையும் தேடிப்பிடித்து எடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கோப்பு, அதில் ஒரே வரி. அந்த வரியில் நீங்கள் எழுதியிருந்த இடம் எது? டி டிரைவ், நாற்காலி ஃபோல்டர். நான் வைத்ததேதான். அதற்கு மேலே குறிப்பு: "அண்ணன் வைத்த இடம் அப்படியே இருக்கும். தேவைப்படுகிறவர் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்."

மாரியாயி அக்காவை நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதிலை எழுதி வைத்துவிட்டு ஒரு வாசலை மட்டும் திறந்து விட்டிருந்தீர்கள். என் கட்சியில் பாதி சரி என்று இன்றும் நான் வாதாடுவேன். அந்தப் பாதியை நீங்கள் என்னைவிடப் பத்திரமாக வைத்திருந்தீர்கள்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பழைய நகல் இல்லை. திரை முழுக்கச் சிவப்பு, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்: பதிவேடு கிடைக்கவில்லை, எந்த நோயாளிக்கும் எதையும் தொடங்க வேண்டாம். படித்துவிட்டு அன்றைக்கு முழுதும் நான் கீழே இறங்கவில்லை. லெட்சுமி அக்கா சாப்பாடு கொடுத்துவிட்டார்.

நாற்பத்தோரு இடம் என்றேன். இப்போது நாற்பத்து மூன்று. நீங்கள் போன பிறகு இரண்டை நான் சேர்த்திருக்கிறேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்.

கை வலித்ததால் அன்று நிறுத்தினேன். மையத்துக்குப் போய்விட்டு வந்து தொடர்கிறேன்.

உங்கள் திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன், நான் சேர்த்த அந்த இரண்டு இடங்களையும் எடுத்துவிட்டு. இன்று காலை ஊசி ஏற்றுவதற்கு முன் புனிதா முன்னிலையில் சோதனை. அவள் இப்போது இங்கேயே மாற்றலாகி வந்துவிட்டாள். பதிவேட்டின் இடத்தை வேண்டுமென்றே தப்பாக எழுதித் திறந்தோம். சிவப்புத் திரை வந்தது. அவள் தமிழில் இருந்ததைச் சத்தமாக வாசித்தாள். இது நல்லா இருக்கு அங்கிள், இதை யார் எழுதினது என்று கேட்டாள். மன்னார்குடிக்காரர் ஒருவர் என்றேன். அதான் பார்த்தேன் என்றாள். எதை அதான் பார்த்தேன் என்று நான் கேட்கவில்லை.

நான் நாற்காலியில் இருந்தபடி இந்தக் கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கா என்று வீரம்மா அக்கா கேட்டார். இல்லை, சண்டை போட்ட ஆளுக்கு என்றேன். "சண்ட போட்டவனுக்கு நீளமா எழுதணும் லா. சுருக்கமா எழுதுனா அதுவும் சண்ட மாரியே இருக்கும்" என்றார். அவருக்கு வியாழன் நடந்தது இன்னும் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லுவேன்.

உங்கள் பெயரைப் பட்டியலில் திரும்பப் போட்டேன். போடும்போது உங்கள் பிரதியையும் போய்ப் பார்த்தேன். நீங்கள் ஊருக்குப் போன பிறகு நாற்காலியைத் தனியாக எடுத்து உங்கள் திருத்தத்தோடு வைத்திருந்தீர்களே, அது. அதைத் திருட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம் என்று உரிமத்தில் எழுதியவனே நான்தான். உங்கள் பிரதியின் முதல் வரியில், 'மூலம்: சிவநேசன் அண்ணன்' என்று இன்னும் இருக்கிறது.

சுங்கை பட்டாணியில் ஒரு மையமும் கும்பகோணத்தில் ஒரு மையமும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. சுங்கை பட்டாணிக்காரர்களிடம் பேசினேன். எப்போது கேட்டாலும் ஒரே நாளில் பதில் போடுவார் என்று உங்களைப் பற்றிச் சொன்னார்கள். 2021 ஏப்ரலில் கடைசியாக ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறீர்கள். மே மாதம் அவர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் வரவில்லையாம். அதற்குப் பிறகு உங்கள் பிரதியில் ஒரு வரியும் மாறவில்லை.

வேலை மாறியிருப்பீர்கள். கல்யாணம், குழந்தை என்று வந்தால் இதற்கெல்லாம் நேரம் ஏது. எனக்குத் தெரியும். அந்த மே மாதம் கொரோனாவில் உங்கள் ஊர்ப் பக்கம் எப்படி இருந்தது என்பதையும் செய்தியில் பார்த்தேன். அப்போதே ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். எண் அப்போது உங்களிடம்தான் இருந்திருக்கும். கோபமாக இருந்தேன் என்று நினைக்கிறேன். எதற்கு என்று இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எனக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடையாது, இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றிப் புலம்ப எழுதவில்லை. பதினான்கு மையங்கள் இதை நம்பி இருக்கின்றன. திட்டத்தின் சாவி என் ஒருவனிடம் இருக்கிறது. அதையும் நான் ஓர் ஆளுக்குள் பதித்து வைத்துவிட்டேன், பார்த்தீர்களா. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். சேர்ந்து செய்யலாம் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. பொறுப்பை முழுதாக உங்களிடம் கொடுக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். பெயரைக்கூட மாற்றுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நாலு வார்த்தை திட்டியும் எழுதுங்கள், ஒன்பது வருடப் பாக்கி, வாங்கிக்கொள்கிறேன். 'சரிங்க அண்ணே' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என் நினைவில் இருக்கிற அழகிரிக்கு இருபத்தொன்பது வயது, கால் நொண்டிக்கொண்டு இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறான். அது பழைய நகல் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். அதே கடை அதே இடத்தில்தான் இருக்கிறது.

நாளை காலை அஞ்சலகத்தில் பதிவுத் தபாலாகப் போடுகிறேன்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, தம்பி. உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும்.

அண்ணன்,
சிவநேசன்

பி.கு. உறையின் பின்பக்கம் தபால்காரருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் இப்படி எழுதியிருக்கிறேன். நீ பார்க்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இங்கேயும் எழுதுகிறேன்:

திரு. அழகிரி இந்த முகவரியில் இல்லையென்றால் தயவுசெய்து கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் இப்போது இருக்கும் இடம் தெரிந்தவர்கள் அங்கே அனுப்பிவையுங்கள். தெரியாதவர்கள், அல்லது தெரிந்தும் சொல்லக் கஷ்டமாக இருப்பவர்கள், பிரித்துப் படிக்கலாம். உறையின் முன்பக்கம் என் முழு முகவரி இருக்கிறது. எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.